இன்னும் ரெண்டு சீட்டு

“ரங்கம், ரங்கம், ரங்கம்! அம்மா மண்டபம், ராஜகோபுரம்! இன்னும் ரெண்டு சீட்டு, ரெண்டே சீட்டு!”

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நின்று இப்படிக் கூவிக்கொண்டிருந்தேன். வைகாசி மாதம். காலை வெயிலே கண்ணைக் கூச வைத்தது. என் ஷேர் ஆட்டோவுக்குள் அப்போது உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு ஆள். அதுவும் என் மகள் சங்கவி. மிளகாய்ப்பொடி தடவிய வெள்ளரித் துண்டைக் கடித்துக்கொண்டு, யாரோ வெளியூர்ப் பயணி மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா.”

“இரும்மா. சார், ரங்கமா சார்? ஏறுங்க, இதோ கிளம்பிட்டே இருக்கு.”

அந்த சார் உள்ளே எட்டிப் பார்த்தார். வெள்ளரி தின்னும் பிள்ளையைப் பார்த்தார். பின்னால் வந்து நின்ற டவுன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

“அப்பா, நான் ஹிஸ்டரி, ஜியாகிரபி இருக்கற குரூப் எடுத்துக்கட்டுமா?”

“ரங்கம், ரங்கம்... என்னது?”

“குரூப்புப்பா. பிளஸ் ஒன்னுக்கு.”

நான் கூவுவதை நிறுத்திவிட்டேன். தொழிலுக்கு வந்த இத்தனை வருஷத்தில் வண்டி நிறைவதற்கு முன்னால் என் வாய் மூடியது அன்றைக்கு ஒருநாள்தான் என்று பக்கத்து வண்டி தங்கராசு இன்னமும் சொல்லிச் சிரிக்கிறான்.

முதல் ஆள்

மகளை எதற்கு ஆட்டோவில் உட்கார வைத்திருந்தேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பிள்ளைகளே, ஷேர் ஆட்டோவில் ஒரு விசித்திரம் உண்டு. காலி வண்டியில் யாரும் ஏற மாட்டார்கள். ‘இது எப்போது நிறைந்து, எப்போது கிளம்பி...’ என்று நினைத்து அடுத்த வண்டிக்குப் போவார்கள். அதுவும் காலியாக இருந்தால் பஸ்ஸுக்குப் போவார்கள். சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு பஸ்ஸுக்கா பஞ்சம்? ஆனால் உள்ளே ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கட்டும், அடுத்தவர் யோசிக்காமல் ஏறுவார். அவரைப் பார்த்து இன்னொருவர்.

அதனால் நாங்கள் எல்லோருமே ஒரு முதல் ஆளை ஏற்பாடு செய்து வைத்திருப்போம். டீக்கடையில் சும்மா நிற்கிற சிநேகிதனாக இருக்கலாம், சொந்தக்காரனாக இருக்கலாம். வண்டி முக்கால்வாசி நிறைந்ததும் ‘அடடா, பர்ஸை மறந்துட்டேனே’ என்று அவன் இறங்கிவிடுவான். தங்கராசு தன் மாமியாரையே உட்கார வைத்தான். அந்த அம்மா உட்கார்ந்த இடத்தில் தூங்கிப்போய், இறங்க மறந்து, தினமும் ஒரு தடவை ராஜகோபுரம் வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். “உங்க புண்ணியத்துல தினம் கோபுர தரிசனம் மாப்ள” என்பாராம். தங்கராசுக்கு ஒரு சீட்டு நட்டம்.

பள்ளிக்கூட லீவு நாட்களில் என் முதல் ஆள் சங்கவி. வேலையில் கெட்டிக்காரி. வண்டி நிறைந்ததும் எழுந்து, “அண்ணே, என் ஃப்ரெண்ட் இன்னும் வரல. நீங்க கிளம்புங்க” என்பாள். பெற்ற அப்பனை அண்ணே என்று கூப்பிடுவாள், முகத்தில் ஒரு சிரிப்பு வராது! உள்ளே இருப்பவர்கள், “பாவம், தனியா நிக்கப் போகுது பாப்பா” என்று பரிதாபப்படுவார்கள். அவள் நேராக டீக்கடை பெஞ்சுக்குப் போய், நான் திரும்பி வரும்வரை புத்தகம் படிப்பாள்.

அந்த முதல் ஆள்தான் அன்றைக்குக் குரூப் பற்றிக் கேட்டாள்.

இரண்டே குரூப்

வையம்பட்டியில் நான் படித்த காலத்தில் பத்தாவது என்றால் பாஸ், ஃபெயில் என்று இரண்டே குரூப்தான். நான் இரண்டிலும் இருந்து பார்த்தவன். முதலில் கணக்கில் ஃபெயில். மறுபடி எழுதிப் பாஸ். அதற்குள் திருச்சிக்கு வந்து லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மேலே படிக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

பதினொன்றாம் வகுப்புக்குப் போகும்போது பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே எனக்குப் பயணிகள் பேசித்தான் தெரியும். மே மாதம் வந்தால் என் வண்டிக்குள் வேறு பேச்சே இருக்காது. கணக்கும் அறிவியலும் இருந்தால் ஃபர்ஸ்ட் குரூப். டாக்டருக்கு, நர்ஸுக்குப் போக பயாலஜி. கணக்குப்பதிவியல் இருந்தால் காமர்ஸ். வரலாறும் புவியியலும் இருக்கிற குரூப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் கொஞ்சம் தாழும். ‘ஒண்ணும் கிடைக்கலைன்னா அது இருக்கே’ என்பார்கள், மழைக்கு ஒதுங்குகிற இடத்தைச் சொல்வது போல.

என் வாழ்க்கையில் நானே நின்று நிதானித்துத் தேர்ந்தெடுத்தது என்று பார்த்தால், வண்டி வாங்கிய புதிதில் போட்ட சீட்டு கவர் ஒன்றுதான். பச்சையா, மெரூனா என்று பாலக்கரையில் ஒரு கடையில் மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கூட வந்த என் மனைவி ரேவதி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிவு பண்ணிட்டீங்க. சீட்டு கவருக்கு அரை நாளா?”

கடைக்காரர் சிரித்துவிட்டு மெரூனை எடுத்துக் கொடுத்தார். அதையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை பாருங்கள்.

இப்படிப்பட்டவனிடம் வந்து ஒரு பிள்ளை ‘எடுத்துக்கட்டுமா’ என்று கேட்டால் என்ன சொல்வான்? “அம்மாகிட்ட கேளு” என்றேன்.

பொன்மலை மச்சான்

ரேவதி ஒரு மருந்துக் கடையில் விற்பனையில் இருக்கிறாள். எந்த மாத்திரை எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். அவளுக்கு எதிலும் ஒரு பெயர், ஒரு இடம் இருக்க வேண்டும். மகள் சொன்னதைக் கேட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“அதைப் படிச்சா என்ன பேரு வரும்? டாக்டர், இன்ஜினியர், ஆடிட்டர்னு சொல்றோம்ல, அது மாதிரி?”

“தெரியலம்மா. ஆனா புடிச்சிருக்கு.”

“புடிச்சிருக்குன்னு ஒரு பேரு உண்டா?”

சங்கவி வாங்கியிருந்த மார்க்குக்கு எந்தக் குரூப்பும் கிடைக்கும். அதுதான் வம்பே. கிடைக்காததால் அதை எடுத்தாள் என்றால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரேவதியின் அண்ணன் வந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. எதையும் ஸ்பானரால் இறுக்குவது போல இறுக்கிப் பேசுகிறவர். நல்ல மனுஷன். அவர் பையன் ஃபர்ஸ்ட் குரூப் படித்து இப்போது இன்ஜினியரிங் காலேஜில் இருக்கிறான்.

“என்ன மாப்ள, பாப்பா ஹிஸ்டரி படிக்கப் போறாளாமே? எந்த ராஜாகிட்ட வேலைக்குச் சேரப் போறா?”

“ஜியாகிரபியும் இருக்கு மாமா” என்றாள் சங்கவி, வடைத் தட்டை அவர் முன்னால் வைத்துக்கொண்டே.

“அதுல என்ன சொல்லித் தருவான்? பொன்மலை எங்க இருக்குன்னா? எனக்கே தெரியும், தினம் போறேன்.”

“சரி மாமா, நீங்க வேலை பாக்கற ஷெட்டு எந்தத் திசையைப் பாத்து இருக்கு?”

மச்சான் வடையைப் பிட்டபடியே யோசித்தார். ஒரு கையை இந்தப் பக்கம் நீட்டினார், பிறகு அந்தப் பக்கம் நீட்டினார். “கேட்டு இருக்கற பக்கம்” என்றார்.

ரேவதிகூடச் சிரித்துவிட்டாள். ஆனால் அவர் போகும்போது வாசலில் என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னது சிரிக்கும்படி இல்லை. “மாப்ள, நீயும் நானும் எதையும் பார்த்து எடுக்கல. கிடைச்சதைப் புடிச்சுக்கிட்டோம். அவளாவது நல்லதாப் பார்த்து எடுக்கட்டும்.”

அவர் சொன்னது நியாயம்தானே? அன்று முழுக்க எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நல்லது எது என்று யார் சொல்வது?

நிழல் நிற்கிற இடம்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அதற்கு முந்தின வருஷக் கோடையில் நடந்தது.

காவிரிப் பாலம் தாண்டினால் மாம்பழச் சாலை. அங்கே எனக்கு எப்போதும் இரண்டு மூன்று பேர் ஏறுவார்கள். அந்தக் கோடையில் திடீரென்று யாரும் ஏறவில்லை. ஸ்டாப்பில் நிறுத்திக் கூவுகிறேன், கூவுகிறேன், ஈ காக்கை இல்லை. எனக்குப் பின்னால் வருகிறவன் மட்டும் ஆளோடு போகிறான்.

வண்டி நிறையாததால் இறங்காமல், பாடப் புத்தகமும் கையுமாக உள்ளே உட்கார்ந்திருந்த சங்கவிதான், “அப்பா, நீங்க ஸ்டாப்ல நிக்கிறீங்க. அவங்க நிழல்ல நிக்கிறாங்க” என்றாள்.

எதிரில் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி, எதிர்ச்சாரிச் சுவரோரமாக, ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு நிழல். அதில் வரிசையாக ஐந்தாறு பேர், சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி.

“போன மாசம் வரைக்கும் இந்தப் பக்கம்தானே நின்னாங்க?”

“சித்திரை பாதிக்கு மேல சூரியன் நம்ம தலையைத் தாண்டி வடக்க போயிடும்பா. மத்தியான நிழல் தெக்கால விழும். ஆவணிக்கு மேல திரும்ப வந்துடுவாங்க பாருங்க.”

வீட்டுக்கு வந்து பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எனக்கு ஒரு படம் போட்டுக் கொடுத்தாள். சத்திரத்திலிருந்து ராஜகோபுரம் வரை என் ரூட்டு. காலையில் எங்கே நிழல், மதியம் எங்கே, நாலு மணிக்கு மேல் எங்கே என்று பென்சிலால் தீட்டியிருந்தாள். நான் அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்து ஓட்டினேன். அந்தக் கோடை முழுக்க நிழலைத் தேடி நிறுத்தினேன். நிழலில் ஆள் இருந்தது. ஆவணியில் அவள் சொன்ன மாதிரியே எல்லோரும் பழைய பக்கத்துக்கு வந்துவிட்டார்கள்.

அப்போது எனக்கு அது ஒரு பாடம் என்று தெரியாது. பிள்ளை புத்திசாலி என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். மச்சான் பேசிவிட்டுப் போன மறுநாள் காலை, வண்டியைத் துடைக்கும்போது அந்தக் காலண்டர் தாள் கண்ணில் பட்டது. வெயிலில் மஞ்சளாகி, ஓரம் சுருண்டிருந்தது. “இதுக்குப் பேருதானே ஜியாகிரபி?” என்று சங்கவியையே கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஆமாப்பா. இவ்வளவு நாளா என்னன்னு நினைச்சீங்க?”

ரேவதியிடம் போய்ச் சொன்னேன். அவள் டிபன் பாக்ஸை அழுத்தி மூடினாள். பிறகு, “சரி, சேரட்டும். ஆனா ஒண்ணு. இங்க, நம்ம ஸ்கூல்லதான். ரெண்டு பஸ் மாறிப் போய்ப் படிக்கிறதெல்லாம் வேண்டாம்” என்றாள். அண்ணனுக்கும் அவளே போன் போட்டாள். “அண்ணே, படிக்கப் போறது அவ. நீயும் இல்ல, நானும் இல்ல” என்று அவள் சொன்னது அடுக்களையிலிருந்து கேட்டது.

மூன்று பெஞ்சு

ஸ்ரீரங்கத்தில் சங்கவி படித்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்கே போனோம். தலைமையாசிரியை எழுந்து நின்று வரவேற்றார். மார்க்கைப் பார்த்தார், சங்கவியைப் பார்த்தார்.

“ஃபர்ஸ்ட் குரூப்பே கிடைக்குமேம்மா?”

“தெரியும் டீச்சர்.”

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று என்னைக் கேட்டார்.

“அவளுக்குப் புடிச்சது அதுங்க டீச்சர்.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “எனக்கு சந்தோஷம்தான். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. போன வருஷமே அந்த குரூப் தள்ளாடித்தான் ஓடுச்சு. இந்த வருஷம் இதுவரைக்கும் கேட்டு வந்தது சங்கவி ஒருத்திதான். மூணு பெஞ்சாவது நிறையணும். திங்கக்கிழமைக்குள்ள நிறையலைன்னா இந்த வருஷம் வகுப்பு கிடையாது. காமர்ஸ்ல சேர்ந்துக்கலாம். இல்லைன்னா அந்த குரூப் இருக்கற வேற ஸ்கூலுக்குத்தான் போகணும்.”

வேறு பள்ளிக்கூடம் என்றால் காட்டூர் தாண்டிப் போக வேண்டும். ரேவதி சொன்ன அதே இரண்டு பஸ்.

ஒரு பெஞ்சுக்கு நான்கு பேர். வெளியே வரும்போது சங்கவி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள். ஆட்டோவில் ஏறியதும் வழக்கமாக உட்காரும் ஓரத்தில் உட்கார்ந்தாள். காலி வண்டியில் அவள் ஒருத்தி.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. காலி வண்டியை நிறைப்பதுதானே நம் தொழில்!

நான் கூவிய கூவல்

மறுநாள் காலை வண்டியில் முதலில் ஏறியவர் பூக்காரக் கலா அக்கா. சத்திரத்துப் பக்கம் பூ எடுத்துக்கொண்டு, காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்துக்கு விற்கப் போவார். அவர் கூடை ஏறினால் வண்டியே கதம்பமாக மணக்கும். அவர் மகள் நித்யா சங்கவியோடு படித்தவள். சுமாரான மார்க்.

“அக்கா, நித்யாவுக்கு என்ன குரூப்?”

“அதான் தம்பி தெரியல. எது குடுத்தாலும் சரின்னு இருக்கேன்.”

“அப்படி இருக்காதீங்க. ஹிஸ்டரி, ஜியாகிரபி இருக்கற குரூப்புல சேர்த்துடுங்க. சங்கவியே அதுலதான் சேர்றா. ஆனா சீக்கிரம்! ரெண்டே சீட்டுதான் பாக்கி. நாளைக்குப் போனா இருக்குமோ இருக்காதோ!”

வாயில் அதுவாக வந்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம். கலா அக்கா “அய்யய்யோ, அப்படியா?” என்றார். எனக்கு ஒரே குஷி. பாலத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே போனேன். அன்றைக்குக் கூடவே வந்த சங்கவி பின்னால் என்ன முகத்தோடு உட்கார்ந்திருந்தாள் என்று கண்ணாடியில் பார்க்கவில்லை.

அம்மா மண்டபத்தில் அக்கா இறங்கியதும் அவள் முன்னால் வந்து நின்றாள்.

“என்னப்பா இது?”

“என்ன? ஆள் சேர்க்கறேன்.”

“ரெண்டு சீட்டுதான் பாக்கியா? உள்ள யாருமே இல்லப்பா! நான் ஒருத்திதான்!”

“வண்டியிலயும் அப்படித்தானே சொல்றோம்? நீயும்தானே என்னை அண்ணேங்கற?”

“வண்டியில ஏறினவங்க கொஞ்ச நேரத்துல இறங்கிடுவாங்க. ஏமாத்தினாலும் ரங்கம் வந்துடும். இதுல ரெண்டு வருஷம் உக்காரணும்ப்பா. நித்யா எம் பக்கத்துலதான் உக்காருவா. தினம் அவ மூஞ்சியை நான் எப்படிப் பாக்கறது?”

காவிரிப் பக்கமிருந்து காற்று வந்து, வண்டியில் சிந்திக் கிடந்த பூ இதழ்களைக் கிளப்பிவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, மண்டபத்து வாசலில் கடை பரப்பிக்கொண்டிருந்த அக்காவிடம் போனேன்.

“அக்கா, ஒரு விஷயம். அந்த குரூப்புல இன்னும் யாரும் சேரல. எம் பொண்ணு மட்டும்தான். மூணு பெஞ்சு நிறையலைன்னா நடக்காதாம்.”

கலா அக்கா மல்லிகைச் சரத்தை முழம் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். குலுங்கிச் சிரித்தார்.

“ஏன் தம்பி, தினம் உன் வண்டியில வர்றவ நான். நீ சொல்ற அந்த ரெண்டு சீட்டு என்னைக்கு நிறைஞ்சிருக்கு? நீ சொன்னப்பவே தெரியும், காலியா கெடக்குன்னு!”

நான் அசடு வழிந்து நின்றேன்.

“உம் பொண்ணு சேர்றதாச்சும் நெசமா?”

“அது நெசம்க்கா.”

“நல்லாப் படிக்கிற பொண்ணு, ஆசைப்பட்டுச் சேருது. அப்ப அதுல ஏதோ இருக்கு. நித்யாவை அனுப்பறேன். உக்காந்து பாக்கட்டும். புடிச்சா சேரட்டும்.”

காலி வகுப்பில் ஒருத்தி

அதற்குப் பிறகு சங்கவி என் வண்டியில் முதல் ஆளாக உட்கார வரவில்லை. வேறு இடத்தில் உட்கார்ந்தாள்.

தலைமையாசிரியையிடம் கேட்டு, அந்த வகுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டாள். சேர்க்கைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த வராந்தா வழியாகத்தான் போக வேண்டும். முதல் பெஞ்சில் அவள் ஒருத்தி. மறுநாள் பக்கத்தில் நித்யா. கரும்பலகையில் சங்கவி ஸ்ரீரங்கத்தை ஒரு பெரிய தீவாக வரைந்து வைத்தாள். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் கோயில், கோபுரங்கள், சுற்றிலும் வீதிகள். எட்டிப் பார்க்கிற பெண்களிடம் சாக்பீஸை நீட்டி, “உங்க வீடு எங்க இருக்கு? வந்து வைங்க பாப்போம்” என்பாளாம்.

சித்திரை வீதிப் பெண் ஒருத்தி யோசிக்காமல் ஒரு புள்ளி வைத்தாள். மேலூர்ப் பக்கத்துப் பெண் வீட்டைக் கொண்டுபோய்க் கொள்ளிடத்துக்குள் வைத்துவிட்டாள். “எங்க வீட்டுல எப்பவும் தண்ணி வர்றதில்லைன்னு சண்டை. இதுல ஆத்துக்குள்ளயே வீடா!” என்று அவளே சிரித்து, அழித்து, மறுபடி வைத்தாளாம். சில பேர் வைத்துவிட்டு ஃபர்ஸ்ட் குரூப்புக்குப் போனார்கள். சில பேர் வைத்துவிட்டு, “இந்த குரூப்புல இதெல்லாம்தான் படிப்பீங்களா?” என்று கேட்டார்கள்.

“இதுவும் இருக்கு. பரீட்சைக்கு மனப்பாடம் பண்றதும் நெறைய இருக்கு” என்று சங்கவி சொன்னாளாம். நானாக இருந்தால் இரண்டாவதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ரேவதி கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பாள்: “எத்தனை?”

திங்கட்கிழமை

கடைசி நாள் மதியம் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதல் பெஞ்சு நிறைந்திருந்தது. இரண்டாவதும் நிறைந்திருந்தது. மூன்றாவதில் இரண்டு பேர். கரும்பலகைத் தீவு முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

தலைமையாசிரியை வந்தார். பெண்கள் எழுந்து நின்றார்கள். அவர் ஒரு பார்வையில் எண்ணிவிட்டார். “ரெண்டு பேர் குறையுதே” என்றார். குரலில் வருத்தம் இருந்தது. சங்கவி பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் உள்ளே போகக் கூடாதுதான். போய்விட்டேன்.

“டீச்சர், தப்பா நினைக்காதீங்க. நான் ஷேர் ஆட்டோ ஓட்டறேன். முழுக்க நிறையட்டும்னு நின்னுக்கிட்டே இருந்தா, உக்காந்திருக்கறவங்களும் இறங்கிப் போயிடுவாங்க. முக்கால்வாசி வந்ததும் நாங்க கிளம்பிடுவோம். மாம்பழச் சாலையில ஏறுவாங்க.”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார்.

“சரி. மாம்பழச் சாலையில யாரும் ஏறலைன்னா?”

சில நாள் யாரும் ஏறாமல்தான் போயிருக்கிறேன்.

“இருக்கற வரைக்கும் போய்ச் சேருவோம் டீச்சர். நடுவுல யாரும் இறங்க மாட்டோம்” என்றாள் சங்கவி. நித்யா தலையை ஆட்டினாள். மூன்றாவது பெஞ்சில் இருந்த இருவரும் ஆட்டினார்கள்.

அவர் கரும்பலகைப் பக்கம் போனார். கொஞ்ச நேரம் அந்தத் தீவைப் பார்த்தார். பிறகு சாக்பீஸை எடுத்து, உத்தர வீதியில் ஒரு புள்ளி வைத்தார். அது அவர் வீடு.

“மேல கேட்டுச் சொல்லணும். நான் கேக்கறேன். பத்துப் பேர் இருக்காங்கன்னு சொல்லல, பத்துப் பேர் ஆசைப்பட்டு வந்திருக்காங்கன்னு சொல்றேன். நீங்க வகுப்புக்கு வாங்க” என்றார்.

இரண்டு நாள் கழித்துச் சரி என்று தகவல் வந்தது. ரேவதி அன்று கேசரி கிண்டினாள். மச்சானுக்கும் ஒரு டப்பாவில் போனது. வாங்கித் தின்றுவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

“பாப்பா, உன் போர்டு படத்துல பொன்மலை எங்க?”

“அது ஆத்துக்கு அந்தப் பக்கம் மாமா. போர்டுல இடம் பத்தல.”

“பொன்மலைக்கு இடம் இல்லாத மேப்பு என்ன மேப்பு?”

“அதுக்குத்தான் மாமா ரெண்டு வருஷம் படிக்கப் போறேன்.”

மச்சான் என்னைப் பார்த்தார். “வாய் உன்னை மாதிரி மாப்ள” என்றார். ஒர்க்‌ஷாப்பில் இப்போது யாராவது கேட்டால், “மருமக மேப்பு படிக்கிறா” என்று சொல்கிறாராம். ரேவதி கேட்ட பெயருக்கு இப்போதைக்கு அது போதும்.

பள்ளி திறந்த அன்று

புதுச் சீருடையில் சங்கவியைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி போயிருப்பாள். வாசலில் கூட்டம். என் வண்டி காலி. வாய் சும்மா இருக்குமா?

“சத்திரம், சத்திரம்! இன்னும் ரெண்டு சீட்டு, ரெண்டே சீட்டு!”

சங்கவி திரும்பிப் பார்த்தாள். காலி வண்டியைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, வண்டியின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

“அப்பா, எங்க வகுப்புல நெசமாவே ரெண்டு சீட்டுதான் இருக்கு.”

போய்விட்டாள்.

வாசலில் ஓர் அம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றார். என் பக்கம் வந்தார். “ஏங்க, இங்க குரூப்பெல்லாம் நிறைஞ்சிடுச்சுன்னு சொல்றாங்களே?”

“ஒரு குரூப்புல ரெண்டு சீட்டு இருக்கும்மா. ஹிஸ்டரி, ஜியாகிரபி.”

அந்த அம்மா என் காலி வண்டியை ஒரு தடவை பார்த்தார். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். “நெசமாவா?”

“நெசம்மா. உள்ள எம் பொண்ணு உக்காந்திருக்கா. போய்ப் பாருங்க.”

அவர்கள் உள்ளே போனார்கள். வேப்பமர நிழல் வாசலுக்கு இந்தப் பக்கம் விழுந்திருந்தது. நான் வண்டியை அதில் தள்ளி நிறுத்திவிட்டு, கூவாமல் உட்கார்ந்திருந்தேன்.